பழுப்புச் சீஸின் வழியே: ஒஸ்லோவிலிருந்து பெர்கன் வரை

வியாழன், ஒஸ்லோ

நார்வேக்காரர்களின் காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம் இவற்றோடு பழுப்பு நிறத்தில் ஒரு செவ்வகக் கட்டி கட்டாயம் இருக்கும். ப்ரூனூஸ்ட் என்பார்கள். சீஸ் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் இனிக்கும். இந்தப் பயணம் முழுக்க இந்த ஒரு பண்டத்தின் பின்னால்தான் போகப்போகிறேன். ஒஸ்லோவில் தொடங்கி, இது பிறந்த குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே ஃபியோர்டுக் (மலைகளுக்கு நடுவே உள்நுழைந்து நீளும் கடல்) கரைக்குப் போய், பெர்கனில் முடிப்பதாகத் திட்டம். ஆகஸ்ட் கடைசி. காட்டில் புளூபெர்ரி பழுத்துக் கிடக்கிறது, மலையில் ஆடுகள் இன்னும் மேய்கின்றன. இதற்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

தங்கியிருப்பது நகரின் கிழக்கே, தமிழர்கள் நிறைய வசிக்கும் க்ரூருடாலன் பக்கம், தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். முதலில் வடக்கே ஃபின்மார்க்கில், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. அந்த நாட்களில் ஈழத்தமிழர் பலருக்கும் நார்வே வாழ்க்கை அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. ஆலையின் இடைவேளை அறையில், கூட வேலை பார்த்த நார்வேப் பெண்கள் நீட்டிய ரொட்டித் துண்டில்தான் அக்கா இந்தச் சீஸை முதலில் ருசித்தாராம்.

நான் கத்தியைக் கையில் எடுத்ததும் தடுத்துவிட்டார். "தம்பி, கத்தியால வெட்டாதேங்கோ. தடிப்பா வெட்டினா தெவிட்டும். இப்பிடி மெல்லிசா இழுக்கோணும்." தட்டையான கரண்டியின் நடுவே ஒரு கீறலும் அதில் கூர்முனையும் வைத்த கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியின் மேல் வைத்து இழுத்தார். கீறலின் வழியே ஒரு சுருள் எழுந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிகிறது. அவ்வளவு மெல்லியது.

வாயில் போட்டதும் முதலில் இனிப்பு. சர்க்கரைப் பாகு கருகும் முன் வருமே, அந்த இனிப்பு. நாக்குக்கும் மேல் அண்ணத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கரையும்போது உப்பு தலைகாட்டுகிறது. கடைசியில் லேசான ஒரு புளிப்பும் ஆட்டுப்பாலின் வாசனையும் நிற்கின்றன. நம் ஊர்த் திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் தயிர்ப் புளிப்பும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதுதான். காரணமும் உண்டு, இரண்டுமே சுண்டக் காய்ச்சி வருபவை. எதைக் காய்ச்சுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம், அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

அக்காவின் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடக் காலம் முழுக்க மதிய உணவாக இதைத்தான் கொண்டுபோனார்களாம். நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போவது வழக்கம். துண்டுகள் ஒட்டாமலிருக்க இடையில் வைக்க அளவாக வெட்டிய தாளே கடையில் விற்கிறது. "சோறு கட்டிக் குடுத்தாத் திருப்பிக் கொண்டு வருங்கள். இதை வைச்சா டப்பா காலியா வரும்," என்றார்.

இரவுச் சாப்பாட்டில் அக்கா செய்ததை எந்தச் சமையல் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கோதுமை ரொட்டி சுட்டு, சூட்டோடு மேலே இரண்டு சுருள் ப்ரூனூஸ்ட் வைத்து, ஓரத்தில் கொஞ்சம் கட்டைச்சம்பல், அதாவது காய்ந்த மிளகாய் இடித்த துவையல். சீஸ் பாதி உருகி ரொட்டியில் இறங்கியிருக்கும். செத்தல் மிளகாயின் உறைப்பும் தேசிக்காய்ப் புளியும் அந்த இனிப்பின் மேல் வந்து விழும்போது இரண்டுமே மேலும் துலங்குகின்றன. இந்தச் சீஸோடு காரம் சேரும் என்று எனக்குக் காட்டித் தந்தது ஒரு தமிழ் அடுக்களை. அதில் எனக்குச் சந்தோஷம்.

வெள்ளி, லில்லஹம்மர்

காலை ரயில். மியோசா ஏரிக்கரை ஓரமாக இரண்டு மணி நேரம். ஏரி முடிகிற இடத்தில் லில்லஹம்மர், அங்கிருந்து வடக்கே குட்பிரான்ஸ்டாலன் தொடங்குகிறது. 1994 குளிர்கால ஒலிம்பிக்கால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். நான் வந்தது வேறு இரண்டு விஷயங்களுக்காக.

ஒன்று, நேற்று அக்கா கையில் பார்த்த அந்தக் கருவி. தோர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் இந்த ஊரில்தான் இருந்தார். மரத்தை இழைக்கும் இழைப்புளி அவர் கையில் தினமும் புழங்கியது. பலகையிலிருந்து ஒரே கனத்தில் சுருள் சுருளாக மரம் வருவதைப் பார்த்தவருக்கு, சீஸையும் அப்படியே எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1925-இல் காப்புரிமை வாங்கினார், இரண்டு ஆண்டுகளில் இங்கேயே தொழிற்சாலை தொடங்கினார். இன்றைக்கு நார்வேயில் இது இல்லாத வீடு அபூர்வம். எந்தச் சீஸையும் இதில் இழைக்கலாம்தான். ஆனால் ப்ரூனூஸ்டுக்கு இது வெறும் வசதி மட்டும் இல்லை. கனமான துண்டில் இனிப்பு மட்டும் முந்திக்கொண்டு வந்து வாயை அடைத்துவிடுகிறது. மெல்லிய சுருளில்தான் உப்பும் புளிப்பும் தெரிகின்றன. ருசியில் பாதி இந்தத் தச்சர் கொடுத்தது என்றே சொல்வேன்.

இரண்டாவது, மைஹௌகன் திறந்தவெளி அருங்காட்சியகம். பள்ளத்தாக்கு முழுவதிலுமிருந்து பழைய மரவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். தொடங்கி வைத்தவர் ஆண்டர்ஸ் சாண்ட்விக் என்ற பல் மருத்துவர். நான் நேராகப் போனது செட்டர் வீடுகளுக்கு. கோடையில் கால்நடைகளை மலைமேல் ஓட்டிப்போய் மேய்த்து, அங்கேயே தங்கிப் பால் கறந்து வெண்ணெயும் சீஸும் செய்கிற இடம்தான் செட்டர். குடிசையில் ஒரு பக்கம் அடுப்பு, பெரிய கொப்பரை, மரத்தொட்டி. பாலை ஊற்றிவைக்க அகலமான மரப் பாத்திரங்கள். சீஸுக்கான அச்சுப் பெட்டிகளின் உட்புறத்தில் நுணுக்கமான செதுக்கல் வேலை, சீஸ் இறுகும்போது அந்தக் கோலம் அதன்மேல் பதிந்துவிடும். நான்கு பலகைகளையும் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள்.

இங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். விடியலில் கறவை, பிறகு காய்ச்சல், கழுவல், மறுபடி மாலைக் கறவை. கோடை முழுக்க இதே.

மாலையில் அக்காவின் மகன் வந்து சேர்ந்துகொண்டான். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நாளையிலிருந்து அவன் காரில்தான் பயணம். "மாமா, கடையில வாங்கிற சீஸை வைச்சு முடிவு பண்ணிப்போடாதேங்கோ. உந்த்ரெடாலுக்குப் போன பிறகு கதைப்பம்," என்றான். திங்களன்று போகப்போகும் ஆட்டுச் சீஸ் கிராமம் அது.

சனி, குட்பிரான்ஸ்டாலன்

ஆற்றங்கரையோடு சாலை. இரண்டு பக்கமும் சரிவில் பண்ணைகள், அதற்கு மேலே காடு, அதற்கும் மேலே மொட்டை மலை. செட்டர்கள் இருப்பது அந்தக் காடு முடிகிற உயரத்தில்.

1863-ஆம் ஆண்டு, இந்தப் பள்ளத்தாக்கில் சோல்புரோ என்ற செட்டரில் ஆன்னே ஹோவ் என்ற பதினேழு வயதுப் பெண் பால்காரியாக வேலை பார்த்தாள். வீட்டில் பன்னீர் செய்யும்போது பாலைத் திரித்து வடிகட்டினால் மஞ்சளாகத் தண்ணீர் மிஞ்சுமே, அந்த வடிநீரைச் சுண்டக் காய்ச்சிப் பழுப்பாக ஒரு பண்டம் எடுக்கும் வழக்கம் இங்கே அவளுக்கு முன்பே உண்டு. ஏழைகளின் உணவு. கொழுப்பு இல்லாததால் வறண்டிருக்கும். ஆன்னே அந்தக் கொப்பரையில் பாலேட்டை ஊற்றினாள். அன்றைக்கு அது துணிச்சலான காரியம்தான். பாலேடு என்றால் வெண்ணெய், வெண்ணெய் என்றால் காசு. அதைப் போய் மிச்சத் தண்ணீரில் கொட்டுவதா? ஆனால் வந்த பண்டம் வழுவழுப்பாக, வெட்டினால் உடையாமல், வாயில் கரைவதாக இருந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. அவள் கல்யாணமாகி ருஸ்தோகோ பண்ணைக்குப் போன பிறகு, 1880-களில் தானிய விலை விழுந்தது. பள்ளத்தாக்கில் பண்ணைகள் கடனில் தத்தளித்தன. ஆன்னே தன் பழைய கைப்பக்குவத்தைத் திரும்ப எடுத்தார். ஊலெ கொங்ஸ்லி என்ற வணிகர் வெண்ணெயைவிட நல்ல விலை கொடுத்து அதை வாங்கித் தலைநகரில் விற்றார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளும் இதே சீஸைச் செய்யத் தொடங்கின. குட்பிரான்ஸ்டால் சீஸ் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. இந்தப் பள்ளத்தாக்கை அந்த நெருக்கடியிலிருந்து தூக்கிவிட்டதே இந்தச் சீஸ்தான் என்று இங்கே சொல்கிறார்கள். 1933-இல், ஆன்னேவுக்கு 87 வயதானபோது, அரசரின் தகுதிப் பதக்கம் கிடைத்தது. ஒரு சமையல் பக்குவத்துக்காக நாடு ஒரு விவசாயிப் பெண்ணுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மதியம் மலையேறி ஒரு செட்டருக்குப் போனோம். வெளியே மரமேசை, தூரத்தில் மணிகட்டிய ஆடுகள். அங்கிருந்த மூதாட்டி வாஃபிள் சுட்டுக் கொடுத்தார். நார்வே வாஃபிள் மொறுமொறுப்பானது அல்ல. மெல்லிசாக, மெத்தென்று, ஐந்து இதயங்கள் சேர்ந்த பூ வடிவத்தில் இருக்கும். மாவில் ஏலக்காய் போடுகிறார்கள். நம் ஊர் மலையில் விளையும் ஏலக்காய் இந்தக் குளிர்நாட்டு வாஃபிளிலும் பன்னிலும் தவறாமல் இருப்பது தமிழ் மூக்குக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

மருமகனை மொழிபெயர்க்கச் சொல்லி அளவு கேட்டுக்கொண்டேன். மூன்று முட்டையை இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு அடித்து, 250 மில்லி அளவுக்கு மைதா, 300 மில்லி பால், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில் உருக்கிய வெண்ணெய் 100 கிராம். கலந்த மாவை இருபது நிமிடமாவது ஊறவிட வேண்டும். அவர் அழுத்திச் சொன்னது அதைத்தான். வாஃபிள் அச்சு இல்லாதவர்கள் தோசைக்கல்லில் சற்றுக் கனமாக ஊற்றி எடுத்தாலும் ருசி கெடாது.

சூடான வாஃபிளில் ப்ரூனூஸ்ட் சுருளை வைத்ததும் ஓரங்கள் பளபளக்க ஆரம்பிக்கின்றன. முழுக்க உருகி ஓடாது. வாஃபிளின் பள்ளங்களில் மெல்லப் படிந்து அப்படியே நிற்கும். அந்த நிலையில் மடித்துக் கையால் சாப்பிட வேண்டும். புளிப்பு ஜாமும் புளிக்கவைத்த பாலேடும் வைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஜாமா சீஸா என்று இந்நாட்டில் வீட்டுக்கு வீடு கட்சி இருக்கிறதாம். அன்று பறித்த புளூபெர்ரியை நசுக்கிச் சீஸோடு சேர்த்துச் சாப்பிட்டேன். எனக்கு அதுதான்.

ஞாயிறு, லோமும் சோக்னஃபியெல் மலைச்சாலையும்

இன்று பெரும்பாலும் சாலைதான். லோமில் 12-ஆம் நூற்றாண்டு மரத்தேவாலயம், அதன் கருத்த கூரைகளை நின்று பார்த்தோம். பிறகு சோக்னஃபியெல் மலைச்சாலை. 1,434 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஆகஸ்டிலும் பனியாறுகள், இரண்டு பக்கமும் கற்பாழ், நடுநடுவே பச்சை நீர்க்குளங்கள். காற்றில் நின்று, தட்டையான மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீஸ் வைத்துச் சாப்பிட்டோம். மலையேறுகிறவர்கள் இதை ஏன் விடாமல் எடுத்துப்போகிறார்கள் என்று இங்கே புரிந்துவிடுகிறது. குளிரில் உடம்புக்கு வேண்டிய கொழுப்பும் சர்க்கரையும் ஒரே துண்டில் இருக்கின்றன. பையில் நசுங்குவதும் இல்லை.

இரவு சோக்ன்டாலில்.

திங்கள், உந்த்ரெடால்

படகில் கார் ஏற்றி ஃபியோர்டைக் கடந்து, லார்டால் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம். 24.5 கிலோமீட்டர், வாகனங்கள் செல்லும் சுரங்கப்பாதைகளில் உலகத்திலேயே நீளமானது. 2000-இல் திறந்தார்கள். ஓட்டுகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டக் கூடாது என்று நடுவே மூன்று இடங்களில் குகையாக அகலப்படுத்தி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே போகும்போது மருமகன் ஒரு சம்பவத்தைச் சொன்னான். நாடே அறிந்ததுதான். 2013 ஜனவரியில் வடக்கே திஸ்ஃபியோர்டு பக்கம் பிராட்லி சுரங்கப்பாதையில் ஒரு லாரி தீப்பிடித்தது. ஏற்றியிருந்தது 27 டன் ப்ரூனூஸ்ட். ஓட்டுநர் உயிர் தப்பினார், யாருக்கும் காயமில்லை. ஆனால் தீ அணைய நாலைந்து நாள் ஆனது. கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த பண்டம், சூடு ஏறிவிட்டால் விடாமல் எரியும். சுரங்கப்பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. மலை உச்சியில் நமக்குத் தெம்பு கொடுத்த அதே சமாச்சாரம்தான் அங்கே எரிந்திருக்கிறது.

ஃப்ளோம் தாண்டி இன்னொரு சுரங்கப்பாதை முடிந்ததும் ஒரு கிளைச் சாலை கீழே இறங்குகிறது. ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஓர் ஓடை, கடைசியில் ஃபியோர்டுக் கரையில் ஒரு கைப்பிடி வீடுகள். அதுதான் உந்த்ரெடால். 1988-இல்தான் சாலை வந்தது, அதுவரை படகுதான். நூறு பேருக்குக் குறைவாகவே இருக்கிறார்கள், ஆடுகள் அதைவிடப் பல மடங்கு. வெள்ளை அடித்த ஒரு குட்டி மரத்தேவாலயம் இருக்கிறது. 1147-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நாற்பது பேர் உட்காரலாம். ஸ்காண்டிநேவியாவில் இன்னும் வழிபாடு நடக்கும் இந்தப் பழைய வகை மரத்தேவாலயங்களில் இதுதான் மிகச் சிறியது என்கிறார்கள்.

இங்கே செய்வது முழுக்க ஆட்டுப்பால் சீஸ், அதுவும் காய்ச்சாத பச்சைப் பாலிலிருந்து. வெள்ளைச் சீஸும் உண்டு, பழுப்பும் உண்டு. சோக்ன ஃபியோர்டுப் பகுதியின் இந்த ஆட்டுச் சீஸைப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரிய உணவாக ஸ்லோ ஃபுட் இயக்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சீஸ் செய்யும் பெண்மணி ஒருவர் எங்களைக் கொப்பரையருகே நிற்க அனுமதித்தார். காலையிலேயே பாலைத் திரித்து வெள்ளைச் சீஸை எடுத்துவிட்டிருந்தார். மிஞ்சிய வடிநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் பாலில் இருந்த சர்க்கரையில் பெரும்பகுதி சீஸோடு போகாமல் இந்த நீரிலேயே தங்கிவிடுகிறது. ப்ரூனூஸ்டின் இனிப்பு முழுக்க அங்கிருந்து வருவது. வெளியிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைகூடச் சேர்ப்பதில்லை.

எட்டு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். முதல் பாதியில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நீர் வற்ற வற்ற நிறம் மாறுகிறது. வெளிர் மஞ்சள், பிறகு மணல் நிறம், பிறகு தேன் நிறம். பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. இடையில் ஆட்டுப்பாலும் பாலேடும் சேர்க்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் அது குழைந்த கூழாகி, மேலே பெரிய குமிழிகள் எழுந்து சோம்பலாக உடைந்துகொண்டிருந்தன. அறை முழுக்க இனித்த வாசனை, அடியில் ஆட்டுக்கொட்டிலின் ஒரு கீற்று.

இந்தக் கட்டத்திலிருந்து கை நிற்கக் கூடாது. அடிபிடித்தால் மொத்தமும் கசந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வேலை முடிவதில்லை. ஆற ஆற விடாமல் கிளறிப் பிசைகிறார். அசையாமல் ஆறவிட்டால் பால் சர்க்கரை பெரிய படிகங்களாக உறைந்து, தின்னும்போது மணல் நறநறக்கும். கிளறிக்கொண்டே ஆற்றினால் படிகங்கள் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக நிற்கும். அவர் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிளறினார். சற்றுக் கழித்து இன்னொரு சிட்டிகை. இந்த முறை அச்சை எடுத்தார். வெப்பமானி பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை.

முதலிலேயே செய்து ஆறிய கட்டியிலிருந்து இழைத்துக் கொடுத்தார். கடைச் சீஸைவிடக் கருத்த நிறம். இனிப்பு குறைவு. ஆட்டுப்பாலின் காட்டம் முன்னாலேயே வந்து நிற்கிறது, உப்பும் கொஞ்சம் தூக்கல். விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரங்களில் வெகுநேரம் இருக்கிறது. மருமகன் சொன்னது சரி. பெரிய ஆலைகளில் வரும் ப்ரூனூஸ்ட் நல்ல பண்டம்தான், அதைக் குறைசொல்ல மாட்டேன். குழந்தைகளும் விரும்பித் தின்னும்படி மென்மையாக இருக்கிறது. ஆனால் ஆடு எந்த மலையில் என்ன தின்றது என்கிற செய்தி அதில் கிடைக்காது. இதில் கிடைக்கிறது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய், ஃப்ளோமிலிருந்து பெர்கன்

மருமகன் லில்லஹம்மருக்குத் திரும்பிவிட்டான். ஃப்ளோமிலிருந்து மீர்டாலுக்கு மலைரயில், இருபது கிலோமீட்டரில் கடல்மட்டத்திலிருந்து 867 மீட்டர் ஏறிவிடுகிறது. நடுவில் அருவி. எல்லோரும் இறங்கிப் படமெடுத்தோம். மீர்டாலில் மாறி பெர்கன் ரயில். பெர்கனில் மழை. எப்போதும் அப்படித்தானாம்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் தென்கொரியாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், பையில் நாலைந்து ப்ரூனூஸ்ட் கட்டி. அவர்கள் ஊர் காபிக் கடைகளில் குரோசான் மாவை வாஃபிள் அச்சில் சுட்டு, மேலே ஐஸ்கிரீம் வைத்து, இந்தச் சீஸை மழையாகத் துருவிப் போடுகிறார்களாம். சில ஆண்டுகளாகப் பெரிய மோகம். படத்தைக் காட்டினார்கள். ஐஸ்கிரீமே தெரியவில்லை, அவ்வளவு துருவல். நல்ல யோசனை. துருவலும் மெல்லியதுதானே.

புதன், பெர்கன்

தங்கும் விடுதியில் பொது அடுக்களை இருக்கிறது. இன்று முழுக்கச் சமையல்.

ப்ரூனூஸ்ட் என்றால் ரொட்டிக்கும் வாஃபிளுக்கும் மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நார்வே அடுக்களையில் அதன் இன்னொரு பாதி வேலை குழம்பில் நடக்கிறது. காட்டு மான், கலைமான் இறைச்சிக் குழம்புகளில் கடைசியில் இரண்டு மூன்று துண்டு போட்டுக் கரைப்பார்கள். குழம்புக்கு நிறமும் கனமும் வரும். காட்டிறைச்சியின் முரட்டு வாசனையை இந்த இனிப்பு தணித்துவிடும். நாம் புளிக்குழம்பில் வெல்லம் போடுவது எதற்கோ, அந்தக் கணக்குதான் இங்கேயும்.

சூப்பர்மார்க்கெட்டில் மெலிதாகச் சீவி உறையவைத்த கலைமான் இறைச்சி கிடைத்தது. அரைக் கிலோவை உறைநிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெண்ணெயில் வதக்கிச் சிவக்க எடுத்தேன். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. அதே சட்டியில் ஒரு வெங்காயமும் 200 கிராம் காளானும் வதக்கி, இறைச்சியைத் திரும்பப் போட்டு, 300 மில்லி தண்ணீர், நசுக்கிய ஜூனிபர் காய் ஐந்தாறு, கொஞ்சம் தைம் இலை, உப்பு, மிளகு. சிறுதீயில் கால் மணி நேரம். பிறகு 200 மில்லி புளித்த பாலேடு. அது கலந்ததும் ப்ரூனூஸ்ட், சுமார் 40 கிராம், இழைத்துத்தான் போட வேண்டும். கட்டியாகப் போட்டால் வெளியே கரைந்து உள்ளே நிற்கும். சீஸ் விழுந்த பிறகு கொதிக்கவிடக் கூடாது, தளதளத்தால் போதும். சாம்பல் நிறத்தில் இருந்த குழம்பு ஒரு நிமிடத்தில் பொன்பழுப்பாக மாறியது. அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் சர்க்கரை போட்டுக் கிளறிய லிங்கன்பெர்ரி. அந்தச் சிவப்புப் பழத்தின் புளிப்பு இல்லாமல் இந்தச் சாப்பாடு பாதிதான்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்காக இரண்டாவது சட்டியில் காளானை மட்டும் வைத்துச் செய்து பார்த்தேன். 400 கிராம் காளானை நன்றாக நீர்வற்ற வதக்கி, மேற்சொன்னபடியே. ஜூனிபருக்குப் பதில் கரகரப்பாகப் பொடித்த மிளகு கூடுதலாக. புளித்த பாலேடு கிடைக்காத ஊரில் கட்டித்தயிரைத் துணியில் வடித்து, அடுப்பை அணைத்தபின் சேர்க்கலாம். சோற்றோடு பிசைந்தும் சாப்பிட்டேன், பொருந்துகிறது.

உந்த்ரெடால் கட்டியைக் குழம்பில் போடவில்லை. அதைப் போடுவது வீண். குழம்புக்குக் கடைச் சீஸே சரி.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். பசும்பால் மட்டும் உள்ளது மிக மென்மை, இனிப்புதான் மேலோங்கும். பசும்பாலும் ஆட்டுப்பாலும் கலந்த குட்பிரான்ஸ்டால் வகைதான் நார்வேயில் அதிகம் விற்பது, முதன்முதலில் ருசிப்பவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது. முழுக்க ஆட்டுப்பாலில் செய்தது மூன்றாவது. அதற்குப் பழகிவிட்டால் மற்ற இரண்டும் சப்பென்றாகிவிடும். பால் சர்க்கரை செரிக்காதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முற்றிய சீஸ்களில் அந்தச் சர்க்கரை பெரும்பாலும் இருக்காது, இதிலோ அதுதான் நிறைய.

வெட்டிய பக்கத்தைத் தாளால் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரம் தாங்கும். ஓரம் காய்ந்து கருத்தால் தூக்கியெறிய வேண்டாம், அந்தப் பகுதியைத்தான் துருவிக் குழம்புக்கு வைத்துக்கொள்வார்கள். இழைக்கும் கருவியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் வாழைக்காய் சீவும் பலகையில் சீவலாம். கட்டியை முதலில் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் ஒட்டாமல் வரும்.